வாயில் அடிபட்டால் லிம்போமா புற்றுநோய் வருமா? ஆறாத புண்ணுக்குப் பின்னால் இருப்பது என்ன?

கீழே விழுந்ததில் தாடையில் அடி. முறுக்கு கடிக்கும்போது நாக்கும் சேர்ந்து கடிபட்டது. ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். இப்படி ஏதோ ஒன்றில்தான் கதை ஆரம்பிக்கும். அதே இடத்தில் ஒரு புண்ணோ வீக்கமோ வந்து, வாரக்கணக்கில் ஆறாமல் நின்று, கடைசியில் பயாப்சி ரிப்போர்ட்டில் 'லிம்போமா' என்று வந்தால், வீட்டில் எழும் முதல் கேள்வி இதுதான்: "அன்னைக்கு அடிபட்டதாலதான் இப்படி ஆயிடுச்சா?"

வெறும் சந்தேகம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. கோபத்தில் பிள்ளையை அறைந்த அப்பா, வண்டியில் வந்து இடித்தவர், பல்லைப் பிடுங்கிய டாக்டர் என யாரோ ஒருவர் மேல் பழி விழும். சில சமயம் நோயாளியே தன்மேல் பழி போட்டுக்கொள்வார்.

இதற்கு மருத்துவம் தரும் பதில் தெளிவானது. ஒரு அடியோ, ஒரு கடியோ, ஒரு பல்லைப் பிடுங்கியதோ லிம்போமாவை உண்டாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் காயத்துக்கும் லிம்போமாவுக்கும் எந்த சம்பந்தமும் இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிடவும் முடியாது. சம்பந்தம் இருக்கிறது, பலரும் நினைக்கும் விதத்தில் இல்லை. அது எப்படி என்று தெரிந்துகொள்வது முக்கியம். ஏனென்றால் 'அடிபட்ட புண்தானே, தானா ஆறிடும்' என்று காத்திருக்கும் நாட்களில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது.

லிம்போமா என்றால் என்ன?

நம் ஊரில் வாய்ப் புற்றுநோய் என்றதும் நினைவுக்கு வருவது புகையிலை, குட்கா, பாக்கு. அந்த நினைப்பில் தவறில்லை. வாயில் வரும் புற்றுநோய்களில் 90 சதவீதத்துக்கும் மேல் வாயின் உட்புறத் தோலில் உருவாகும் வகைதான். அதற்கு முக்கியக் காரணம் புகையிலையும் பாக்கும் மதுவும்.

லிம்போமா அந்த ரகம் இல்லை. இது உடலின் காவல் படையான வெள்ளை அணுக்களில், அதிலும் 'லிம்போசைட்' எனப்படும் அணுக்களில் வரும் புற்றுநோய். ரத்தப் புற்றுநோய்க்குப் பங்காளி என்று சொல்லலாம். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே, அந்த நிணநீர்க் கணுக்கள்தான் இந்த அணுக்களின் முகாம். பெரும்பாலான லிம்போமா அங்கேதான் தொடங்கும். 1832-ல் லண்டன் மருத்துவர் தாமஸ் ஹாட்ஜ்கின் முதலில் விவரித்ததும் இந்தக் கணுக்களின் வீக்கத்தைத்தான். அவர் பெயரில் ஒரு வகை 'ஹாட்ஜ்கின் லிம்போமா' என்றும், மற்றவை எல்லாம் 'நான்-ஹாட்ஜ்கின் லிம்போமா' என்றும் அழைக்கப்படுகின்றன.

வாயில் வருவது பெரும்பாலும் இரண்டாவது வகை. தொண்டை வாசலில் டான்சில், நாக்கின் அடிப்பகுதி என வளையம் போல் காவல் திசுக்கள் சூழ்ந்திருக்கின்றன. மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் உள்ளே வரும் கிருமிகளைச் சோதிக்கும் செக்போஸ்ட் அது. லிம்போசைட்டுகள் அங்கே குவிந்திருப்பதால், அங்கே லிம்போமாவும் வரலாம். அதைத் தாண்டி மேலண்ணம், ஈறு, தாடை எலும்பு, கன்னத்தின் உட்புறம் ஆகிய இடங்களிலும் வரும். நடுத்தர வயதைத் தாண்டியவர்களிடம் அதிகம் காணப்படும். புகையிலையே தொடாதவர்களுக்கும் வரும் என்பதால், 'எனக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்லையே' என்ற தைரியம் இங்கே செல்லாது.

பல் டாக்டரையே குழப்பும் நோய்

வாய் லிம்போமாவின் பெரிய சிக்கல், அது சாதாரண பல் பிரச்னை மாதிரியே இருப்பதுதான். மேலண்ணத்தில் வலியில்லாத, மெத்தென்ற வீக்கம். ஈறு தடித்து, சிவந்து அல்லது ஊதா நிறமாகித் தொங்குவது. நடுவில் புண். காரணமே இல்லாமல் ஒன்றிரண்டு பற்கள் ஆடுவது. பல்செட் திடீரென்று பொருந்தாமல் போவது. எக்ஸ்ரே எடுத்தால் பல்லின் வேர் நுனியைச் சுற்றி எலும்பு கரைந்திருப்பது தெரியும். அது சீழ்க்கட்டியிலும் அப்படியேதான் தெரியும்.

அதனால் ஆன்டிபயாட்டிக் மாத்திரை, வேர் சிகிச்சை, ஈறு சுத்தம் செய்வது என்று ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும், மறுபடி வரும். வலி இல்லாததால் நோயாளிக்கும் அவசரம் இருக்காது.

ஒரு அறிகுறியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கீழ் உதடும் தாடை முனையும் ஒரு பக்கம் மரத்துப் போவது. பல் பிடுங்க ஊசி போட்டால் மரத்துப்போகுமே, அதே உணர்வு, ஆனால் ஊசி எதுவும் போடாமலே. தாடை எலும்புக்குள் ஓடும் நரம்பைக் கட்டி அழுத்துவதாலோ, நரம்புக்குள் புற்றணுக்கள் நுழைவதாலோ இது வரும். லிம்போமா, மார்பகப் புற்றுநோய் போன்றவை உடலில் இருப்பதற்கான முதல் அடையாளமாகவே சிலரிடம் இது வெளிப்பட்டிருக்கிறது. பல் வலியே இல்லாமல் உதடு மட்டும் மரத்துப்போனால், ஒரு நாள்கூட தள்ளிப்போடக் கூடாது.

அடிபட்டதுதான் காரணமா? கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள கட்டியில், அதாவது ஒரு கொண்டைக்கடலை அளவுக் கட்டியில், சுமார் 100 கோடி அணுக்கள் இருக்கும் என்பது மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஒரு அணு இரண்டாகி, இரண்டு நான்காகி, நான்கு எட்டாகிப் பெருகினால், 100 கோடியைத் தொட 30 முறை இரட்டிக்க வேண்டும்.

மனிதர்களுக்கு வரும் கட்டிகளிலேயே மிக வேகமாக வளரும் 'பர்கிட் லிம்போமா' ஒன்று, இரண்டு நாளில் இரட்டிக்கும். அந்த அசுர வேகத்திலும், எந்த அணுவும் இடையில் சாகாமல் இருந்தால்கூட, கண்ணுக்குத் தெரிய ஒரு மாதம் ஆகும். பெரியவர்களுக்கு வாயில் அதிகம் வரும் 'டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல்' என்ற வகை அதைவிட மெதுவாகத்தான் வளரும். மெதுவாக வளரும் வகைகள் ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஆக, போன வாரம் அடிபட்ட இடத்தில் இந்த வாரம் லிம்போமா கட்டி தெரிகிறது என்றால், அடி விழுந்தபோதே அது அங்கே இருந்திருக்கிறது.

பிறகு ஏன் இத்தனை பேர் அடியோடு முடிச்சுப் போடுகிறார்கள்? கட்டி இருக்கும் இடம் மேடாக இருக்கும். மேடான இடம்தான் எளிதில் கடிபடும், முள் குத்தும், பல்செட் உரசும். கட்டி அரித்த எலும்பு பலவீனமாக இருப்பதால் லேசான அடிக்கே உடையும். உடைந்ததும் ஸ்கேன் எடுப்பார்கள், கட்டி தெரியும். பார்ப்பவர்களுக்கு அடி முதலில் வந்தது போலவும், கட்டி பின்னால் வந்தது போலவும் தோன்றும். அடி செய்தது கட்டியைக் காட்டிக்கொடுத்தது மட்டும்தான்.

பல் பிடுங்கிய குழி ஆறவில்லை என்றால்...

இதே தலைகீழ்க் கதை அதிகம் நடப்பது பல் பிடுங்கிய இடத்தில்தான். பல் எடுத்த குழியிலிருந்து சதை வளர்ந்து வெளியே பிதுங்கி, பயாப்சியில் லிம்போமா என்று தெரியவந்த நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பல பதிவுகள் உள்ளன. "பல்லைப் பிடுங்கினதுல இருந்துதான் வந்துச்சு" என்றுதான் அந்தக் குடும்பங்களும் நினைக்கும்.

ஆனால் அந்தப் பல் ஏன் பிடுங்கப்பட்டது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஆடியதால். சொத்தை இல்லாத, நல்ல பல் ஏன் ஆடியது? பெரும்பாலும் அடியில் எலும்பைக் கட்டி தின்றுகொண்டிருந்ததால். பல் போனதும் மூடி திறந்த மாதிரி ஆகி, உள்ளே இருந்தது வெளியே வளர வழி கிடைக்கிறது. பல்லைப் பிடுங்கிய டாக்டர் நோயைக் கொடுக்கவில்லை. அதே சமயம், சொத்தையும் இல்லாமல் ஈறு நோயும் இல்லாமல் ஒரே ஒரு பல் ஆடும்போது அதன் காரணத்தைத் தேடாமல் பிடுங்கி அனுப்புவதும் சரியான வைத்தியம் ஆகாது.

பல் பிடுங்கிய குழி சாதாரணமாகச் சில வாரங்களில் ஈறால் மூடிவிடும். எலும்பு நிரம்ப மாதங்கள் ஆகும், அது வெளியே தெரியாது. சில வாரமாகியும் குழி திறந்தே இருந்தாலோ, சதை வளர்ந்தாலோ மறுபடி காட்ட வேண்டும். ஆறாத குழி எல்லாமே புற்றுநோய் என்று பயப்படவும் வேண்டாம். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, புகைப்பழக்கம், எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் சில ஊசி மருந்துகள், தாடையில் ஏற்கெனவே கொடுக்கப்பட்ட கதிர்வீச்சு, ஏன், காசநோய்கூட இப்படி ஆறாமல் வைத்திருக்கும். எது என்று கண்டுபிடிப்பதுதான் விஷயம்.

லிம்போமா வேஷம் போடும் காயப்புண்

நேர் எதிரான ஒரு குழப்பமும் உண்டு. காயத்தால் நிஜமாகவே வந்த புண், பார்க்கப் புற்றுநோய் மாதிரியே இருக்கும்.

பெரும்பாலும் நாக்கின் ஓரத்தில் வரும். விளிம்பு தடித்து மேடாகி, நடுவில் மஞ்சள் படிந்த பள்ளம். பார்த்தவுடன் அனுபவமுள்ள மருத்துவருக்கே திக்கென்று இருக்கும். பயாப்சி எடுத்துப் பார்த்தால், அழற்சி அணுக்கள் தசை வரைக்கும் இறங்கியிருக்கும். அவற்றில் 'ஈசினோபில்' என்ற வெள்ளை அணுக்கள் ஏராளமாக இருக்கும். அலர்ஜிக்கு ரத்தப் பரிசோதனையில் எண்ணிப் பார்ப்பார்களே, அதே அணுக்கள்தான். ஈசினோபில்கள் நிறைந்த காயப்புண் என்பதே இதன் மருத்துவப் பெயரின் சாரம். எலிகளின் நாக்குத் தசையை நசுக்கிச் செய்த பரிசோதனையிலும் இதே மாதிரி புண் உருவானது. அதனால், தசை வரை இறங்கும் காயம்தான் இதைத் தூண்டுகிறது என்று கருதப்படுகிறது. ஆனாலும் இந்தப் புண் வந்தவர்களில் பலருக்கு அடிபட்டதாக எந்த ஞாபகமும் இருப்பதில்லை.

பிறந்த குழந்தைகளுக்கும் இது வரும். பிறக்கும்போதே கீழ் முன்பல்லோடு வரும் சில குழந்தைகளுக்குப் பால் குடிக்கும்போது நாக்கின் அடிப்பக்கம் அந்தப் பல்லில் உரசி உரசிப் புண்ணாகும். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதை விவரித்த இத்தாலிய மருத்துவர்கள் இருவரின் பெயரால் 'ரிகா-ஃபெடே நோய்' என்கிறார்கள். பல்லின் கூர்மையைத் தேய்த்துவிட்டால் போதும், புண் ஆறும். பெரியவர்களிலும் அப்படியே. கூரான பல்லைச் சரிசெய்த பிறகோ, சிலருக்கு பயாப்சிக்காகத் துண்டு வெட்டி எடுத்த பிறகோ, அதுவாகவே ஆறிவிடும்.

சிக்கல் எங்கே என்றால், இந்தப் புண்களில் சிலவற்றில் 'சி.டி.30' என்ற அடையாளம் தாங்கிய பெரிய லிம்போசைட்டுகள் தென்படுகின்றன. அதே அடையாளம் சில வகை லிம்போமாவிலும் உண்டு. இன்னும் சில புண்களில், ஒரே அணுவின் வாரிசுகள் மட்டும் பெருகியிருப்பதும் தெரியவந்திருக்கிறது. அது புற்றுநோய்க்கு உரிய குணம். ஆனாலும் அவை பெரும்பாலும் தானாகவே ஆறிப்போயின. எனவே இவற்றில் ஒரு பகுதி, காயத்துக்கும் லிம்போமாவுக்கும் நடுவில் நிற்பவையா என்ற விவாதம் நோய்க்குறியியல் மருத்துவர்களிடம் நடந்துகொண்டிருக்கிறது. வாயில், காயமும் லிம்போமாவும் நிஜமாகவே பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும் இடம் இதுதான்.

நோயாளிக்கு இதன் பொருள் எளிது. ரிப்போர்ட்டில் சந்தேகமாக எழுதியிருந்தால், உடனே கீமோவுக்கு ஓடுவதும் தவறு, 'ஒண்ணும் இல்லை' என்று கிளம்பிப் போவதும் தவறு. அதே பயாப்சி பிளாக்கை லிம்போமாவில் அனுபவம் உள்ள இன்னொரு நோய்க்குறியியல் மருத்துவரிடம் காட்டிக் கருத்து கேட்கலாம். அது நோயாளியின் உரிமை.

கோர்ட்டுக்குப் போன கேள்வி

அடிபட்டால் புற்றுநோய் வருமா என்ற சந்தேகம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. தொழிற்சாலையில் அடிபட்டவர்களுக்கு இழப்பீடு தரும் சட்டங்கள் மேலைநாடுகளில் வந்ததும், 'வேலையில் பட்ட அடியால்தான் கட்டி வந்தது' என்ற வழக்குகளும் வந்தன. எதை ஏற்பது, எதைத் தள்ளுவது? அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் ஜேம்ஸ் யூயிங், 1926-ல் இதற்குச் சில நிபந்தனைகளை முன்வைத்தார். எலும்பில் வரும் 'யூயிங் சர்கோமா' என்ற புற்றுநோய் இவர் பெயரில்தான் இருக்கிறது.

அடிபட்டது உண்மை என்றும், போதுமான அளவு பலமான அடி என்றும் உறுதியாக வேண்டும். அடிபடும் முன் அந்த இடம் நன்றாக இருந்திருக்க வேண்டும். கட்டி சரியாக அதே இடத்தில் தோன்ற வேண்டும். அந்த இடத்துத் திசுவில் வரக்கூடிய வகைக் கட்டியாக இருக்க வேண்டும். அடிக்கும் கட்டிக்கும் நடுவில் நம்பக்கூடிய கால இடைவெளி இருக்க வேண்டும். இவைதான் அவர் சொன்னவை.

வாய் லிம்போமாவைப் பொறுத்தவரை, பெரும்பாலான கதைகள் இரண்டாவது நிபந்தனையிலேயே தடுக்கி விழுகின்றன. அடிபடும் முன் அந்த இடம் நன்றாக இருந்ததா என்று யார் பார்த்து வைத்திருக்கிறார்கள்?

ஒரு அடி வேறு, ஆண்டுக்கணக்கான ரணம் வேறு

ஆனால் ஒரு காயம் ஆறாமல் பத்து, இருபது ஆண்டுகள் நீடித்தால் கதை மாறுகிறது. தீக்காயத் தழும்பில் ஆண்டுக்கணக்காக ஆறாத புண், தோல் புற்றுநோயாக மாறுவது நீண்ட காலமாகவே அறியப்பட்டது. 1828-ல் இத்தகைய புண்களை விவரித்த பிரெஞ்சு அறுவை மருத்துவர் மார்ஜோலின் பெயரால் அது அழைக்கப்படுகிறது.

லிம்போமாவிலும் இதற்கு ஒரு வலுவான உதாரணம் ஜப்பானில் கிடைத்தது. காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில், நுரையீரலைச் சுற்றியுள்ள உறைக்குள் காற்றை ஏற்றி, அதைச் சுருங்க வைத்து ஓய்வு கொடுப்பது ஒரு சிகிச்சை. அப்படிச் செய்துகொண்ட சிலருக்கு அந்த உறையில் சீழ் தேங்கி, ஆண்டுக்கணக்கில் நின்றது. 20 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, அதே உறையில் சிலருக்கு லிம்போமா வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் 'நீண்டகால அழற்சியோடு தொடர்புடைய லிம்போமா' என்று இதற்குத் தனி இடமே உண்டு. எலும்பில் ஆண்டுக்கணக்காகச் சீழ் பிடித்த இடத்திலும், எலும்பில் பொருத்திய உலோகத்தின் அருகிலும் அரிதாக இது வந்திருக்கிறது.

வயிற்றில் 'ஹெலிகோபாக்டர்' கிருமியால் நீடிக்கும் அழற்சி ஒரு வகை லிம்போமாவுக்கு வழிவிடுகிறது. அந்தக் கிருமியை ஆன்டிபயாட்டிக்கால் ஒழித்தாலே கட்டி கரைவதை 1993-ல் லண்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வாய்க்குப் பக்கத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. 'ஷோக்ரென்' என்ற நோயில் உடலின் காவல் அணுக்களே உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும். வாய் வறண்டு, கண் வறண்டு போகும். இவர்களுக்கு லிம்போமா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். காதுக்குக் கீழே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பி ஒரு பக்கம் மட்டும் வீங்கி, வற்றாமல் நின்றால் உஷாராக வேண்டும்.

இவற்றில் எல்லாம் பொதுவானது என்ன? ஒரு இடத்தில் ஓயாத சண்டை. லிம்போசைட்டுகள் திரும்பத் திரும்பப் பெருக வேண்டிய கட்டாயம். பெருகும் ஒவ்வொரு முறையும் மரபணுவை நகல் எடுக்க வேண்டும், நகலில் பிழை வரலாம். ஆண்டுகள் ஓடும்போது பிழைகள் சேருகின்றன. ஒரு நாள் விழுந்த அடி இரண்டு வாரத்தில் ஆறிவிடும். இவ்வளவு பெரிய வேலையைச் செய்ய அதற்கு நேரமே இல்லை.

தாடை வீங்கிய குழந்தைகள்: கம்பாலாவில் கிடைத்த விடை

அடி இல்லை என்றால் வேறு என்ன? இதற்கான பெரிய விடை கிடைத்ததே தாடையில் இருந்துதான். 1957-ல் உகாண்டாவின் கம்பாலாவில், முலாகோ மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த டெனிஸ் பர்கிட், மேலும் கீழும் இரு பக்கமும் தாடை வீங்கிய ஒரு சிறுவனைப் பார்த்தார். பற்கள் இடம் மாறி ஆடிக்கொண்டிருந்தன. தொற்றாக இருந்தால் நான்கு மூலையிலும் ஒரே நேரத்தில் ஏன் வரவேண்டும்? கொஞ்ச நாளில் வேறொரு ஊர் மருத்துவமனையில் அதே மாதிரி இன்னொரு குழந்தை. அதன் வயிற்றிலும் கட்டி இருந்தது. பர்கிட் பழைய பதிவேடுகளைப் புரட்டினார், 1958-ல் கட்டுரை எழுதினார். 1961-ல் இரண்டு நண்பர்களோடு ஒரு பழைய காரில் 10,000 மைல் சுற்றி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக விசாரித்தார். வெப்பமும் மழையும் அதிகமுள்ள, மலேரியா பரவும் பகுதிகளில்தான் இந்தக் கட்டி இருந்தது.

அதே ஆண்டு லண்டனில் அவர் பேசியதைக் கேட்ட அந்தோணி எப்ஸ்டைன் என்ற ஆய்வாளர், இதற்குப் பின்னால் வைரஸ் இருக்க வேண்டும் என்று சந்தேகித்தார். 1964-ல் எப்ஸ்டைன், பெர்ட் அச்சோங், இவோன் பார் மூவரும் அந்தக் கட்டியின் அணுக்களில் வைரஸைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் எப்ஸ்டைன்-பார் வைரஸ். மனிதருக்குப் புற்றுநோயோடு தொடர்புபடுத்தப்பட்ட முதல் வைரஸ்.

எச்சில் வழியாகப் பரவும் இந்த வைரஸ், வளர்ந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் உடலில் சத்தமில்லாமல் உறங்கிக்கொண்டிருக்கிறது. எச்சிலில் இருக்கிறதே என்று இதற்காகப் பதற வேண்டியதில்லை. உடலின் எதிர்ப்பு சக்தி அதை அடக்கி வைத்திருக்கிறது. எதிர்ப்பு சக்தி சரியும்போதுதான் அது தலைதூக்குகிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களின் வாயில் வரும் 'பிளாஸ்மாபிளாஸ்டிக்' என்ற வேகமான லிம்போமா 1997-ல் தனி வகையாக அடையாளம் காணப்பட்டது. அதிலும் பெரும்பாலும் இந்த வைரஸ் இருக்கும்.

மூட்டு வலி மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனிக்க

நம் வீடுகளோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு விஷயம் இதில் இருக்கிறது. முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு முறை சாப்பிடும் 'மெத்தோட்ரெக்சேட்' மாத்திரை பலருக்குத் தெரிந்ததுதான். இது எதிர்ப்பு சக்தியைக் குறைத்துத்தான் மூட்டு வீக்கத்தைக் கட்டுப்படுத்துகிறது. இப்படிப்பட்ட மருந்து எடுப்பவர்களுக்கும், சிறுநீரகம் போன்ற உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும், மிகவும் வயதானவர்களுக்கும் வாயில் வட்டமாக, வெட்டியெடுத்தது போன்ற ஒரு புண் வரலாம். எப்ஸ்டைன்-பார் வைரஸ் உள்ள இந்தப் புண், மைக்ரோஸ்கோப்பில் லிம்போமா மாதிரியே தெரியும். 2010-ல்தான் இது தனி நோயாக விவரிக்கப்பட்டது. மருந்தின் அளவைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ பலருக்குக் கீமோ இல்லாமலே ஆறிவிடுகிறது.

ஆகவே வாயில் ஆறாத புண்ணைக் காட்டப் போகும்போது, 'பல்செட் குத்துது' என்று மட்டும் சொல்லாமல், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் சீட்டையும் எடுத்துப்போக வேண்டும். அதற்காக மெத்தோட்ரெக்சேட்டை நீங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. எழுதிக்கொடுத்த மருத்துவர்தான் அதை முடிவு செய்ய வேண்டும்.

'கத்தி பட்டா பரவிடும்' என்ற பயம்

காயம் பற்றிய இன்னொரு நம்பிக்கை பயாப்சி அறை வாசலில் காத்திருக்கிறது. 'கட்டியில கத்தி பட்டா பரவிடும்' என்று சொல்லி பயாப்சியை மறுப்பவர்கள் இன்றும் உண்டு. லிம்போசைட்டுகளின் வேலையே ரத்தத்திலும் நிணநீரிலும் உடல் முழுக்கச் சுற்றுவதுதான். அவை பயணம் போகக் கத்தியின் தயவு தேவையில்லை. துண்டு எடுப்பதால் லிம்போமா பரவும் என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை. துண்டு எடுக்காவிட்டால் எந்த வகை என்றே தெரியாது, வகை தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது.

மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுக்கும் பரிசோதனை, லிம்போமாவுக்குப் பெரும்பாலும் போதாது. அணுக்கள் தனித்தனியாக வரும், அவை எப்படி அடுக்கியிருந்தன என்பது தெரியாது. சின்னத் துண்டாவது வேண்டும். அதில் 'சி.டி.20' போன்ற அடையாளங்களைச் சாயம் போட்டுப் பார்த்துதான் வகையை உறுதி செய்வார்கள்.

இங்கே பலரும் அறியாத ஒரு பொறி உண்டு. வாய்ப்புண், வீக்கம் என்றால் சில இடங்களில் ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ கொடுத்துவிடுவார்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிச் சாப்பிடுபவர்களும் இருக்கிறார்கள். லிம்போமா அணுக்கள் ஸ்டீராய்டுக்குச் சட்டென்று மடியும் தன்மை கொண்டவை. கட்டி சுருங்கும், நோயாளி சந்தோஷப்படுவார். ஆனால் அது குணம் இல்லை. கொஞ்ச நாளில் திரும்பி வரும். நடுவில் பயாப்சி எடுத்தால் செத்த அணுக்கள்தான் கிடைக்கும், நோய் பிடிபடாமல் போகலாம். பயாப்சிக்கு முன் ஸ்டீராய்டு எடுத்திருந்தால் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எப்போது போக வேண்டும்? சிகிச்சை என்ன?

வாயில் எந்தப் புண்ணும் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் காட்ட வேண்டும். காரணம் தெரிந்த புண்ணுக்கும் இதே விதிதான். கூரான பல் குத்துகிறது என்றால் முதலில் அதைத் தேய்த்துச் சரிசெய்வார்கள். அதற்குப் பிறகும் இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால் பயாப்சி. அரசு பல் மருத்துவக் கல்லூரிகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இதைச் செய்துகொள்ளலாம். லிம்போமா என்று உறுதியானால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சைக்கும் இடம் உண்டு.

உறுதியானதும் உடலில் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று பெட்-சிடி ஸ்கேனில் பார்ப்பார்கள். புகையிலையால் வரும் வாய்ப் புற்றுநோய்க்குத் தாடையையோ நாக்கையோ வெட்டி எடுக்க வேண்டி வரும். லிம்போமாவுக்கு அது பொதுவாகத் தேவையில்லை. மருந்துதான் பிரதானம், சிலருக்குக் கூடவே கதிர்வீச்சு. அதிகம் காணப்படும் பி-செல் வகைக்கு 'ஆர்-சாப்' என்ற கூட்டு மருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை, வழக்கமாக ஆறு சுற்று வரை தரப்படும். இதில் 'ஆர்' என்பது ரிட்டுக்ஸிமாப். சி.டி.20 அடையாளம் உள்ள அணுக்களை மட்டும் தேடிப்போய்த் தாக்கும் இந்த மருந்துக்கு அமெரிக்காவில் 1997-ல் அனுமதி கிடைத்தது. இந்த வகை லிம்போமா வந்தவர்களில் சுமார் பத்தில் ஆறு பேர் இந்த சிகிச்சையிலேயே குணமடைகிறார்கள்.

கீமோ தொடங்கும் முன் பல் டாக்டரிடம் ஒருமுறை போய்வரச் சொல்வார்கள். சொத்தைப் பல், சீழ் எல்லாவற்றையும் அப்போதே சரிசெய்துகொள்ள வேண்டும். வெள்ளை அணுக்கள் குறையும் நாட்களில் ஒரு சின்னப் பல் தொற்றுகூட காய்ச்சலாகி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடும். நடு சிகிச்சையில் பல் பிடுங்குவதாக இருந்தால், அன்றைய ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்து, புற்றுநோய் மருத்துவர் சொன்ன பிறகுதான் கை வைப்பார்கள்.